வயிற்றில் குடிவந்தவர்கள்

சுழிக்குளத்தில் வயிறுகள் பேச ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். முதலில் வாய் திறந்தது வாழைக்காய் மண்டி தாணுமூர்த்தியின் வயிறு. பேருந்து நிலையத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றுகொண்டு அவர் ஓர் ஆமவடையைக் கடித்து விழுங்கிய மாத்திரத்தில், வேட்டி முடிச்சுக்கு மேலேயிருந்து, கல்யாணப் பந்தியில் பல பேர் ஒரே நேரத்தில் பேசுகிற இரைச்சலோடு, "இது முந்தாநேத்து எண்ணெய், இத வச்சுக்கிட்டு நாங்க என்ன செய்ய" என்று கேட்டது. தாணுமூர்த்தி வடையைப் பார்த்தார், வடைக்காரரைப் பார்த்தார். வடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டு, "முந்தாநேத்து எண்ணெய்தான் அண்ணாச்சி" என்று ஒத்துக்கொண்டார். மிச்ச வடையைக் காக்காய்க்குப் போட்டுவிட்டுத் தாணுமூர்த்தி வண்டியேறிப் போய்விட்டார்.

மத்தியானத்துக்குள் ஊரிலிருந்த வயிறெல்லாம் பேசின. ஒவ்வொரு வயிற்றுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஊர் காலங்காலமாகக் குடியிருந்து, வந்ததைத் தின்று, வம்பு வளர்த்து, வேண்டாத விருந்தாளிகளை வாசலோடு விரட்டி, யாரும் கேட்காமலே வேலை செய்துகொண்டிருந்ததாம். இத்தனை நாள் பேசாமல் இருந்தார்கள், இப்போது பேசினார்கள், அவ்வளவுதான். ஏன் இப்போது என்று யாரும் கேட்கவில்லை. குளம் நிறைந்தாலும் ஏன் என்று கேட்காமல், வறண்டாலும் ஏன் என்று கேட்காமல், அடுத்த வீட்டில் என்ன குழம்பு என்று மட்டும் கேட்டே பழகிய ஊர் அது. இனி அதையும் கேட்க வேண்டியதில்லை என்று ஆனதில்தான் கொஞ்சம் வருத்தம்.

ஊர் இதைத் தன் வழக்கப்படி செரித்துக்கொண்டது. மாப்பிள்ளை பார்க்கப் போனவர்கள் ஜாதகத்தைப் பார்த்த கையோடு மாப்பிள்ளைக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்து, அவன் வயிறு மரியாதையாகப் பேசுகிறதா என்று காது வைத்துக் கேட்டார்கள். பஞ்சாயத்துத் தலைவர் மேடையேறி, ஊருக்காகத் தான் பட்டினி கிடந்த கதையைச் சொல்லத் தொடங்கியபோது, அவர் வயிறு முந்தின நாள் தின்ற கோழியை உறுப்பு உறுப்பாக விவரித்துவிட்டதால், அதன்பின் அவர் நிஜமாகவே பட்டினியோடு வந்து பேச வேண்டியதாயிற்று. பேச்சு சுருங்கிப்போனதில் ஊருக்குத்தான் லாபம். மாவட்டத்திலிருந்து ஒரு குழு வந்து, பலருடைய வயிற்றில் மைக்கை வைத்து, ஜீப்புக்குத் தாங்கள் போட்ட பொய் டீசல் கணக்கைத் தங்கள் வயிறுகளே உரக்கச் சொல்லிக்கொண்டிருந்ததைக் காதில் வாங்காமல், சுழிக்குளத்தில் கேட்பது ஏப்பம்தான் என்று அறிக்கை எழுதிவிட்டுப் போனது.

சங்கடப்பட்டது மேலத்தெரு மட்டும்தான். தலைமுறை தலைமுறையாகச் சுத்த சைவம் என்று பெயரெடுத்த தெரு அது. அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொண்டே அதன் ஆண்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பைபாஸ் ரோட்டுப் பரோட்டாக் கடைக்குப் போய்வந்துகொண்டிருந்தார்கள். இப்போது கோயிலில் சாயரட்சை பூஜையில் மணியடித்து ஓய்ந்த அமைதியில், தர்மகர்த்தாவின் வயிற்றிலிருந்து, "அந்தச் சால்னாவுல இன்னுங்கொஞ்சம் மிளகு தட்டிப் போட்டிருக்கலாம்" என்று ஒரு குரல் தெளிவாக எழுந்தது. தர்மகர்த்தா கும்பிட்ட கையோடு நேரே தேரடிக்குப் போய், மருந்துக்கடைப் படியேறி, இதற்கு ஏதாவது வழி பண்ண முடியுமா என்று கேட்டார்.

தேரடி மருந்துக்கடைக்காரர் பிரமநாயகத்திடம் எல்லாவற்றுக்கும் ஒரே வழிதான் உண்டு. தும்மினால் கேப்சூல், இருமினால் பெரிய கேப்சூல், பரீட்சையில் தேறாவிட்டால் காலை மாலை இரண்டு வேளையும் கேப்சூல். கிருமி என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு மூக்கு விடைக்கும். உலகத்திலுள்ள கிருமியெல்லாம் தன் வீட்டுக்கு வழி கேட்டுக்கொண்டு வருவதாக நினைக்கிற மனிதர். மனிதர்களிலும் அவருக்கு அப்படி ஒரு கணக்கு உண்டு. மேலத்தெருக்காரர்கள் படியேறி வந்து பெஞ்சில் உட்காரலாம். கீழத்தெருக்காரர்கள் படிக்குக் கீழே நிற்க வேண்டும். அவர்களுக்கு மருந்தை ஒரு தகரத்தட்டில் வைத்துத் தள்ளிவிடுவார். கேட்டால், "சுகாதாரம்" என்பார்.

தர்மகர்த்தாவுக்குக் கொடுத்த கேப்சூல் பலித்தது. சில நாளில் அவர் வயிறு கம்மிப்போய், முனகி, பிறகு அதுவும் இல்லாமல் அடங்கியது. மேலத்தெருவே வரிசையில் வந்து வாங்கி விழுங்கியது. பேசாத வயிறு என்பது மோதிரம் போல, மாடிவீடு போல, ஓர் அந்தஸ்தாகிவிட்டது. கல்யாண வீடுகளில் மேலத்தெருப் பந்தி மட்டும் இழவு வீடு மாதிரி அமைதியாகச் சாப்பிட்டது. மாடுகளின் வயிறுகூட அசைபோட்டுக்கொண்டே அபிப்பிராயம் சொல்கிறது என்று அவற்றுக்கும் ஊசி போடச் சொன்னார்கள். பிரமநாயகம் அதையும் விற்றார். தன் வயிற்றைத்தான் அவர் முதலில் அடக்கியிருந்தார். அது என்ன சொல்ல வந்தது என்று கேட்கக்கூட அவர் காத்திருக்கவில்லை.

அவர் மனைவி ஆவுடையம்மாளுக்கு மட்டும் எந்த மருந்தும் தேவைப்படவில்லை. ஊரெல்லாம் பேசிய அந்தச் செவ்வாய்க்கிழமையன்றே அவள் வயிறு பேசவில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் அவள் ஒரு முறை தும்மினாள். பயந்துபோன பிரமநாயகம் அன்று கொடுக்கத் தொடங்கிய கேப்சூல், தலைவலிக்கும், கால்வலிக்கும், முகம் வாடியிருந்ததற்கும், பிறந்த வீட்டு நினைப்பு வந்ததற்குமாக இன்றுவரை நிற்கவில்லை. அவருக்கு அவள் மேல் உயிர். அதைச் சொல்லத் தெரியாத மனிதர், கேப்சூலாகக் கொடுத்தார். அவளும் அது அன்புதான் என்று தெரிந்தே விழுங்கினாள். பிள்ளைகள் இல்லாத அந்த வீட்டில், மத்தியான வேளைகளில், அடுத்த வீட்டு வேலைக்காரி தன் வயிற்றோடு சிரித்துப் பேசிக்கொண்டே பாத்திரம் துலக்குவதைக் கேட்டபடி, ஆவுடையம்மாள் தன் வயிற்றில் கைவைத்து உட்கார்ந்திருப்பாள்.

"எல்லாருக்கும் உள்ள ஆளு இருக்கு. எனக்குத்தான் ஒருத்தரும் இல்ல" என்று ஒருநாள் சொன்னாள்.

"அதுதான்ட்டி சுத்தம்" என்றார் பிரமநாயகம்.

ஐப்பசி மழை வந்தது. குளத்துக் கரையை ஒட்டி ஓடிய சாக்கடை உடைத்துக்கொண்டு குளத்தில் கலந்தது. குளத்துத் தண்ணீர் குழாயில் வந்தது. கீழத்தெருவில் முதல் மடக்கு உள்ளே போனதுமே வயிறுகள் ஒரு சேரக் கத்தின: "துப்பு, துப்பு. காய்ச்சிக் குடி." தெருவே துப்பியது, தெருவே அடுப்பை மூட்டித் தண்ணீரைக் காய்ச்சியது. தப்பித் தவறி உள்ளே போனதை உள்ளே இருந்தவர்கள் கூட்டமாகச் சேர்ந்து கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார்கள். ஓரிருவர் படுத்தாலும் சீக்கிரம் எழுந்துவிட்டார்கள். மேலத்தெருவில் யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்வதற்கு உள்ளே ஆள் இல்லை. குடித்தார்கள், படுத்தார்கள். கக்கலும் கழிச்சலும் வீடு வீடாக நுழைந்தன. தெருவின் அந்தஸ்தெல்லாம் கொல்லைக்கும் கூடத்துக்குமாக ஓடிக்கொண்டிருந்தது.

அரசாங்க ஆஸ்பத்திரியில் பாய் விரிக்கவும் இடமில்லை. டாக்டர் ஷகிலா, ஊருக்கு மாற்றலாகி வந்து அதிக நாள் ஆகாதவர், உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை வாளி வாளியாகக் கொடுத்து, முடியாதவர்களுக்குக் குளுக்கோஸ் ஏற்றி, அநேகமாக எல்லாரையும் தேற்றிவிட்டார். ஆவுடையம்மாள் மட்டும் தேறவில்லை. நிற்கும், திரும்ப வரும். பிரமநாயகம் டாக்டருக்குத் தெரியாமல் இன்னும் பெரிய கேப்சூலாகப் பார்த்துக் கொடுப்பார். ஒருநாள் நிற்கும், அதைவிட மோசமாகத் திரும்ப வரும். கூடத்து ஜன்னல் கம்பியில் குளுக்கோஸ் பாட்டில் தொங்க, அதன் கீழே அவள் ஒரு துணி மடிப்பு மாதிரி கிடந்தாள்.

டாக்டர் தலைமாட்டிலிருந்த கேப்சூல் அட்டைகளை எடுத்துப் பார்த்தார். பிறகு பிரமநாயகத்தைப் பார்த்தார்.

"இதையெல்லாம் நிறுத்துங்க. கெட்டதைக் கொல்லுறேன்னு நல்லதையும் சேர்த்துக் கொன்னு வச்சிருக்கீங்க. ஆள் இல்லாத வீட்டுல யார் வேணும்னாலும் வந்து பூந்துக்கிடலாம்ல. அதான் நடக்குது. என் மருந்து நான் கொடுக்கிறேன், ஆனா அது மட்டும் போதாது. உள்ள பழையபடி நல்ல கிருமி குடி வரணும்."

"கிருமியா?" என்றார் பிரமநாயகம்.

"கிருமிதான். நல்ல தயிரு, மோரு கொடுங்க. உயிரோட இருக்கிற தயிரா இருக்கணும். இன்னும் ரொம்ப நாள் இவங்க உடம்பு தாங்காது, சொல்லிட்டேன்."

 பிரமநாயகம் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். வாழ்நாள் முழுக்க எதை வாசலில் நிறுத்தினாரோ, அதை இப்போது வெற்றிலைபாக்கு வைத்து அழைக்க வேண்டும்.

மேலத்தெருவில் பால் இருந்தது, தயிர் இல்லை. வீட்டுக்கு வீடு உறைமோர் மாற்றிப் பார்த்தார்கள். ஊசி போட்ட மாட்டின் பாலில் உறைமோர் போட்டால், பால் மறுநாளும் பாலாகவே நின்று முழித்தது. பிரமநாயகம் பட்டணத்திலிருந்து நல்ல கிருமி அடைத்த பொட்டலங்களை வரவழைத்தார். பளபளப்பான பொட்டலம், வெயிலில் பல பேருந்து மாறி வந்து சேர்ந்தது. ஆவுடையம்மாளுக்குக் கரைத்துக் கொடுத்ததும், அவள் வயிற்றிலிருந்து முதன்முதலாக ஒரு குரல் வந்தது. பிரமநாயகம் கண் கலங்கிவிட்டார். "குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும்," என்றது குரல், வானொலியில் செய்தி வாசிப்பது போல. "குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கவும். நேரடியாகச் சூரிய ஒளி படாமல்" என்பதோடு நின்றுவிட்டது. அதன்பிறகு அது பேசவேயில்லை.

ஊரில் உயிரோடு இருக்கும் தயிர் யாரிடம் என்று பிரமநாயகத்துக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். கீழத்தெரு மாடத்தி, வீட்டில் எருமை வைத்திருப்பவள், பேருந்து நிலையத்து வேப்பமரத்தடியில் பானை வைத்து மோரும் கம்பங்கூழும் விற்பவள். அவள் மோர் குடித்தவர்களின் வயிறுதான் ஊரிலேயே வாய்த்துடுக்கானது. ஓட்டுநர்களும் நடத்துநர்களும் குடித்துவிட்டுப் போனால் அடுத்த ஊர் வரை வண்டி முழுக்கச் சிரிப்பாக இருக்கும்.

பிரமநாயகம் வேப்பமரத்தை நோக்கி நடந்தார். பாத்திரம் கொண்டுபோக வேண்டும் என்பதையே மறந்திருந்தார். மரத்துக்குச் சற்றுத் தள்ளி, வெயிலிலேயே நின்றுகொண்டார்.

"ஏ மாடத்தி. கொஞ்சம் உறைமோரு வேணும்."

மாடத்தி நிமிர்ந்து பார்த்தாள். அவரிடம் மருந்து வாங்கிப் பழகியவள். தகரத்தட்டு சரசரவென்று தள்ளப்படும் சத்தம் அவள் காதில் இருந்தது.

"யாருக்கு, ஐயா?"

"வீட்டுல. ரொம்ப முடியல."

அவள் வேறொன்றும் கேட்கவில்லை. தன் பித்தளைச் சொம்பிலேயே ஊற்றி, மரத்துக்கும் அவருக்கும் நடுவில் தரையில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டாள். அவர் குனிந்து எடுத்துக்கொண்டு நடந்தார்.

வீட்டுக்கு வந்து சொம்பை முன்னால் வைத்துக்கொண்டு பிரமநாயகம் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். மேலத்தெருவில் இது மாதிரி நேரத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. கீழத்தெருவிலிருந்து நெல் வந்தாலும் காய் வந்தாலும் கருப்பட்டி வந்தாலும் மஞ்சள் தண்ணீர் தெளித்துத்தான் எடுப்பார்கள். தெளிக்க முடியாததைத் தீயில் காட்டி எடுப்பார்கள். மோருக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்தார். அது போதாது என்று பட்டது. அடுப்பில் வைத்து, பொங்கிப் பொங்கி வரும்வரை கொதிக்க வைத்தார். தீட்டுக்காக இல்லை, சுகாதாரத்துக்காகத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆறவைத்து வடிகட்டி, வெளியூரிலிருந்து வாங்கி வந்த பாலில் ஊற்றி, சாமி படத்துக்குக் கீழே வைத்தார். மறுநாள் பால் பாலாகவே இருந்தது. ஆவுடையம்மாளுக்குக் கண் திறக்கவே நேரம் பிடித்தது.

டாக்டர் வந்து விஷயத்தைக் கேட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"கொதிக்க வச்சீங்களா? மருந்துக்கடை வச்சிருக்கிற மனுஷர் நீங்க. கொதிச்சா கிருமி சாகும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சதாலதான் கொதிக்க வச்சேன்" என்றார் பிரமநாயகம், மிகவும் மெதுவாக.

மறுபடியும் வேப்பமரத்தடிக்குப் போனார். இந்தத் தடவை மரத்தின் நிழலுக்குள் வந்து நின்றார். மாடத்தி எதுவும் கேட்பதற்கு முன்பே அவளுடைய மோர்ப்பானை, அதற்குள்ளும் அதே குடிகள்தானே, பேசியது, ஒரு தெருவே வாசலில் கூடி நின்று பேசுவது போல: "ஆத்தா, எங்காளுகளக் கொன்னுபோட்டாரு இவரு. கொதிக்கக் கொதிக்க வச்சுக் கொன்னாரு."

மரத்தடியில் நின்ற ஓட்டுநர்கள் டம்ளரைக் கீழே வைத்தார்கள். மாடத்தி பானை மூடியைச் சரிசெய்தாள்.

"நெசமா, ஐயா?"

பிரமநாயகத்துக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். மேல்துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு, அந்தக் கூட்டத்துக்கு நடுவிலேயே அழுதார்.

மாடத்திக்கு இரக்கம் வந்ததா, எரிச்சல் வந்ததா என்று சொல்வது கஷ்டம், இரண்டும் வந்திருக்கும். "எந்தச் சொம்புல குடுத்தேனோ அதுவே இன்னும் வந்து சேரல, அதுக்குள்ள அடுத்த சொம்பு" என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் கொண்டுவந்திருந்த பாத்திரத்தில் ஊற்றினாள். "உங்களுக்குக் குடுக்கல. அந்தம்மாவுக்குக் குடுக்கேன். எங்க எருமப் பாலும் இந்தா இருக்கு, எடுத்துக்கிடுங்க. காய்ச்சுன பாலு, ஆறட்டும், வெரல் பொறுக்கிற சூட்டுல ஊத்துங்க. மோரக் காய்ச்சக் கூடாது, தெளிக்கக் கூடாது, வடிகட்டக் கூடாது. எப்பிடி இருக்கோ அப்பிடியே."

மறுநாள் காலையில் தயிர் உறைந்திருந்தது. கரண்டியால் வெட்டினால் வெட்டின இடத்தில் நிற்கிற தயிர். ஆவுடையம்மாளின் தலையை மடியில் தாங்கிக்கொண்டு பிரமநாயகம் முதல் கரண்டியை ஊட்டினார். டாக்டர் பக்கத்தில் நின்றார். மேலத்தெருப் பெண்கள் திறந்திருந்த ஜன்னல்களில் எல்லாம் நின்றார்கள்.

தயிர் தொண்டையில் இறங்கியது. நெஞ்சுக்குழி வரை வந்து நின்றது. நின்ற இடத்திலிருந்து, பலர் ஒதுங்கி நின்று ஒருவரை முன்னால் தள்ளிப் பேசவிடுகிற மாதிரி, ஒரு குரல் கேட்டது.

"ஐயா. உள்ள வரலாமா?"

கூடத்தில் யாரும் அசையவில்லை. அந்தத் தொனி எல்லாருக்கும் தெரியும். கொல்லை வேலிக்கு அந்தப்பக்கம் நின்று, மருந்துக்கடைப் படிக்குக் கீழே நின்று, தலைமுறை தலைமுறையாகக் கீழத்தெரு கேட்டு வந்த தொனி. எந்த வீட்டில் பிறந்தார்களோ அந்த வீட்டுப் பழக்கத்தோடுதானே வருவார்கள்.

"வாங்க" என்றாள் ஆவுடையம்மாள். அது மூச்சாகத்தான் வந்தது.

"நீங்க சொன்னாப் போதாதும்மா," என்றது குரல், பணிவாக. "வீட்டு ஐயா சொல்லணும். அப்பிடித்தான் பழக்கம். சொல்லலேன்னா திரும்பிப் போயிருவோம், ஒண்ணுமில்ல."

பிரமநாயகம் ஜன்னல்களைப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் ஒரு முகம் இருந்தது. தர்மகர்த்தாவின் சம்சாரம் கம்பிக்குள் மூக்கையே நுழைத்திருந்தாள். எழுந்து சாத்தலாம் என்றால் மடியில் ஆவுடையம்மாளின் தலை. அந்தத் தலைக்கு எடையே இல்லை. வாயைத் திறந்தார், அந்தச் சொல்லை அந்தத் திசையில் ஒருநாளும் அவர் சொன்னதில்லையாதலால் அதற்கு வழி தெரியவில்லை. அவள் உள்ளங்கை அவர் விரலைப் பிடித்திருந்தது, அந்தப் பிடி தளர்ந்துகொண்டே வந்தது.

"வாங்க," என்றார். "உள்ள வாங்க. எல்லாரும் வாங்க."

நெஞ்சுக்குழியில் ஒரு சின்னச் சலசலப்பு. பிறகு அதே குரல் தயங்கிக் கேட்டது: "செருப்பக் கழத்தணுமா, ஐயா?"

"கழத்த வேண்டாம். போட்டுக்கிட்டே வாங்க. வெரசா வாங்கய்யா" என்று பிரமநாயகம் அழுதுகொண்டே சொன்னார். தேர் நிலையை விட்டுக் கிளம்புகிறபோது எழும் இரைச்சலோடு ஆவுடையம்மாளின் வயிற்றுக்குள் ஒரு தெரு குடிவந்தது.

அவள் பிழைத்துக்கொண்டாள். டாக்டரின் மருந்து ஒரு பக்கம், கண்ணுக்குத் தெரியாத அந்தக் கூட்டம் ஒரு பக்கமாக நின்று, உள்ளே புகுந்திருந்ததை இண்டு இடுக்கெல்லாம் தேடி விரட்டின. முதலில் கஞ்சி கேட்டாள், பிறகு துவையல் கேட்டாள், பிறகு எழுந்து உட்கார்ந்து தன் வயிற்றோடு பேச ஆரம்பித்தாள். கீழத்தெரு வம்பெல்லாம் அவளுக்கு அத்துப்படியானது. யார் எருமை சினையாக இருக்கிறது, யார் யாரோடு பேசுவதில்லை என்று தெரிந்துகொண்டு மத்தியானமெல்லாம் சிரித்தாள். கூடத்தில் அப்படி ஒரு சிரிப்பைப் பிரமநாயகம் அதுவரை கேட்டதில்லை. கடையை அடைத்துவிட்டுச் சீக்கிரமே வீட்டுக்கு வர ஆரம்பித்தார்.

இனி மேலத்தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாடத்தியின் உறைமோரை மாடத்தியிடம் வாங்கத்தானே யோசனை. ஆவுடையம்மாள் வீட்டில் வாங்கினால் அது மேலத்தெரு மோர் ஆகிவிட்டது. கிண்ணத்தை முந்தானையில் மறைத்துக்கொண்டு பெண்கள் வந்தார்கள். தர்மகர்த்தா அதற்கு 'அம்மன் தயிர்' என்று பெயர் வைத்து, எந்த மூலத்திலிருந்து வந்தது என்று ஆராய்வது அபச்சாரம் என்றும் சொல்லிவிட்டார். ஆனால் எந்தப் பெயரில் போனாலும், ஒவ்வொரு வீட்டிலும் முதல் கரண்டி நெஞ்சுக்குழியில் நின்று, உள்ள வரலாமா என்று கேட்டது. மேலத்தெரு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. சாத்திய ஜன்னலுக்குப் பின்னால் ஒவ்வொரு ஐயாவும் தொண்டையைச் செருமிக்கொண்டு, செருப்போடயே வாங்க என்று தணிந்த குரலில் சொன்னார். வெளியில் வந்து யாரும் யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை. கீழத்தெருக்காரர்கள் மேலத்தெருவுக்குள் வந்தால் முன்போலவே முனையில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் வந்தார்கள்.

தை பிறந்து ஒருநாள் காலையில் மாடத்தி தன் பித்தளைச் சொம்பைக் கேட்டு வந்தாள். வீட்டு முன்னால் தெருவில் நின்று, "ஐயா" என்று கூப்பிட்டாள்.

பிரமநாயகம் நடையில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் அவருக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில், உடம்பில் ஊறிய பழக்கத்தில், "அடடே, மாடத்தியா. பின்வாசலுக்கு வா, எடுத்துத் தரச் சொல்லுதேன்" என்றார்.

மாடத்தி திரும்பிச் சந்துப் பக்கம் நடந்தாள். அடுக்களையிலிருந்து ஆவுடையம்மாள் கூடத்துக்கு வந்தாள். அவள் எதுவும் பேசவில்லை. அவள் வயிறுதான் பேசியது.

"ஏன் ஐயா, நாங்க வாய் வழியாத்தான உள்ள வந்தோம். பின்வாசல் வழியாவா வந்தோம்?"

பக்கத்து வீட்டில் யாருடைய வயிறோ களுக்கென்று சிரித்தது. எதிர்வீட்டில் ஒன்று, "இரு, இரு, என்ன சொல்லுதாருன்னு கேப்போம்" என்றது. புதிதாகக் குடிவந்தவர்களால் மேலத்தெரு இப்போது அந்த முனையிலிருந்து இந்த முனைவரை ஒரே காதாக இருந்தது. பிரமநாயகம் பேப்பரை மடித்தார். மடித்ததை மறுபடி மடித்தார். பிறகு எழுந்து வாசலுக்குப் போய், முன்வாசல் இரட்டைக் கதவில் மூடியே கிடக்கும் இரண்டாவதையும் தாழ் நீக்கித் திறந்து வைத்தார். கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டுமே அந்தக் கதவைத் திறப்பார்கள்.

"மாடத்தி," என்று சந்துப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டார். "இங்கன வாங்க. இப்பிடி வாங்க."

அவள் வந்து படிக்கு முன்னால் நின்றாள். படியைப் பார்த்தாள், திறந்திருந்த இரண்டு கதவுகளையும் பார்த்தாள், உள்ளே கண்ணாடி போலத் துடைத்திருந்த சிவப்புத் தரையைப் பார்த்தாள்.

"செருப்போடயே வாங்க" என்றார் பிரமநாயகம். இந்த முறை அது சட்டென்று வந்துவிட்டது. ஏற்கெனவே ஒருதரம் சொல்லிப் பழகியதுதானே என்று அவருக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

மாடத்தி வலது கையைத் தூக்கிக் காட்டினாள். அவள் செருப்பு அந்தக் கையில் இருந்தது.

"தெரு முக்குலயே கழத்திட்டேன், ஐயா. என்னைக்கும் அப்பிடித்தான வாரது."

பிரமநாயகத்துக்கு அவள் காலைப் பார்க்கத் தோன்றியது. அவள் பிறந்ததிலிருந்து இந்தத் தெருவில் அந்தக் கால் சூட்டிலும் சேற்றிலும் வெறுமனே நடந்திருக்கிறது; அவர் நடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.  ஒரு நாள் சொன்ன சொல்லால் இது தீர்கிற விஷயமில்லை என்று அவருக்கு விளங்கியது.

மாடத்தி அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து, செருப்பைத் தெருவில் போட்டு, ஒவ்வொரு காலாக நுழைத்து, வாரைச் சரியாக மாட்டிக்கொண்டாள். மேலத்தெருவின் வயிறுகள் எல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தன. அவள் படியேறி, நடையைத் தாண்டி, சப் சப்பென்று சத்தம் வர அந்தச் சிவப்புத் தரையில் கால் வைத்தாள்.

"பாத்து வா ஆத்தா," என்றது ஆவுடையம்மாளின் வயிறு. "தரை வழுக்கும்."